பி.ஆர். கோப்பு நகரும்வரை படிப்பை நிறுத்தாதீர்கள்: பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வழிகாட்டி

கனடாவுக்கு பி.ஆர். (நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை) போட்டிருக்கிறேன், பதில் வருவதற்குள் எம்.எஸ்ஸி. சேரலாமா, சேர்ந்தால் கோப்புக்கு ஏதும் பாதகம் வருமா? சமாதானபுரம், மகாராஜ நகர், வண்ணாரப்பேட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் பட்டம் முடித்த பிள்ளைகள் என்னிடம் கேட்பது இதைத்தான். பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் தேர்வுப் பிரிவுக் கண்காணிப்பாளராக ஓய்வுபெற்றவள் நான். விண்ணப்பம், சான்றிதழ், முத்திரை, கடைசித் தேதி ஆகிய நான்கோடும் குடும்பம் நடத்தியவள். அந்தக் காலத்து மாணவர்களுக்கு 'ஆபீஸ் அக்கா'; அவர்களுடைய பிள்ளைகளுக்கு இப்போது 'ஆபீஸ் ஆச்சி'. என் தம்பி மகள், கனடாவில் இருக்கும் கணவனிடம் போய்ச் சேர ஸ்பான்சர் விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறாள். எதிர்வீட்டு அண்ணாச்சியின் மகன், புள்ளிக் கணக்குப் பார்த்து அழைக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியில் போகிறான். இருவருடைய காகிதங்களும் என் சாப்பாட்டு மேசையில்தான் விரிந்து கிடக்கின்றன. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சேரலாம். சேர வேண்டும் என்றே சொல்வேன். எங்கோ ஓர் அலுவலகம் பதில் அனுப்பும்வரை 23 வயதுப் பிள்ளை வீட்டில் உட்கார்ந்து மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்ப்பதில் யாருக்கும் பயன் இல்லை. ஆனால் படிப்புக்கு ஒரு கோப்பு, பி.ஆருக்கு ஒரு கோப்பு என்று இரண்டு ஓடும்போது, பெயர், தேதி, பணம், நோக்கம் ஆகியவை ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வதுதான் வேலையே.

முதலில், என்ன நிலுவையில் இருக்கிறது?

'பி.ஆர். போட்டாயிற்று' என்று வருகிறவர்களில் பலர் இன்னும் விண்ணப்பமே கொடுத்திருக்க மாட்டார்கள். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் நீங்கள் முதலில் செய்வது சுயவிவரம் ஒன்றைப் பதிவது மட்டும். அது 12 மாதம் உயிரோடு இருக்கும். அழைப்பு வந்த பிறகு 60 நாளுக்குள் ஆவணங்களோடும் கட்டணத்தோடும் கொடுப்பதே விண்ணப்பம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் படிப்பைப் பற்றிய முடிவு தப்பாகப் போகும். சுயவிவரம் மட்டும் இருக்கிறது என்றால், நீங்கள் முடிக்கும் புதிய பட்டம் உங்கள் புள்ளிகளை ஏற்றும். விண்ணப்பம் கொடுத்துவிட்டீர்கள் என்றால், புதிய பட்டத்தால் அந்தக் கோப்புக்கு வரவு ஒன்றும் இல்லை. படிப்பு உங்களுக்காக மட்டும். 6 மாதத்தில் முடிப்பது என்பது கனடா குடியேற்றத் துறை வைத்திருக்கும் இலக்கு. இலக்கை நம்பிக் கல்லூரி இடத்தை விட்டுவிடாதீர்கள்.

ஸ்பான்சர் கோப்பில் புள்ளிக் கணக்கே கிடையாது. அதில் பார்ப்பது உறவு மெய்யானதா என்பதை. என் தம்பி மகள் முதுநிலை படித்தாலும் படிக்காவிட்டாலும் அவளுடைய கோப்புக்கு ஒன்றுதான்.

அம்மா அப்பாவின் விண்ணப்பத்தில் பிள்ளையாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. படித்துக்கொண்டே இருந்தால் எந்த வயதிலும் சார்ந்திருப்பவர் என்று கணக்கில் வரும் என்பது பழைய சட்டம். 2017 அக்டோபர் 24 முதல் 22 வயதுக்குக் கீழே, திருமணம் ஆகாதவராக இருக்க வேண்டும் என்பதே விதி. உடல் அல்லது மனநலக் குறைபாட்டால் பெற்றோரையே நம்பியிருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. வயது, விண்ணப்பம் முறையாகச் சேர்ந்த நாளோடு பூட்டப்பட்டுவிடும். ஆகவே, கோப்பைக் காப்பாற்றுவதற்காக இன்னொரு பட்டத்தில் சேர்கிறேன் என்று யாரும் சொன்னால் அது வீண் செலவு.

இனி அமெரிக்கா, ஆஸ்திரேலியா. இரண்டையும் கனடாவோடு குழப்பாதீர்கள். அமெரிக்க எஃப்-1 மாணவர் விசாவில், திரும்பி வரும் எண்ணம் இருப்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். உங்கள் பெயரில் குடியேற்ற மனு ஒன்று நிலுவையில் இருந்தால் நேர்காணலில் அது கனமாக விழும். எச்-1பி போன்ற வேலை விசாக்காரர்களின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகள் படிக்கலாம், ஆனால் 21 வயதோடு அந்த விசா முடியும். ஆஸ்திரேலியாவில் நிரந்தர உரிமை கிடைத்தவர்களுக்கு அரசு மானியம் உள்ள இடம் கிடைக்கும், ஆனால் பொதுவாகக் குடிமக்களுக்குத் தரும் கட்டணக் கடன் கிடைக்காது. கையிலிருந்து கட்ட வேண்டும். கீழே உள்ளவை கனடாவுக்கு.

படித்தால் புள்ளி எவ்வளவு ஏறும்?

எதிர்வீட்டுப் பையனுக்குப் போட்டுக் கொடுத்த கணக்கை அப்படியே தருகிறேன். திருமணம் ஆகாதவன், வயது 29, கையில் இளநிலைப் பட்டம். வயதுக்கு 110 புள்ளி, படிப்புக்கு 120. இரண்டு ஆண்டு முதுநிலை முடிக்கும்போது வயது 31, வயதுப் புள்ளி 99. அதாவது 11 போயிற்று. படிப்புப் புள்ளி 135 ஆகும், 15 வந்தது. இதோடு நிறுத்தினால் இரண்டு ஆண்டு உழைப்புக்கு 4 புள்ளிதான் லாபம், சிரிப்பாக இருக்கும். ஆனால் படிப்பையும் ஆங்கிலத்தையும் சேர்த்துத் தரும் தலைப்பு ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் அவர்கள் 9ஆம் நிலை என்று வைத்திருப்பதை நான்கு பிரிவிலும் எட்டியவருக்கு, ஒரு பட்டத்துக்கு 25, முதுநிலைக்கு 50. அதையும் சேர்த்தால் லாபம் 29. பல அழைப்புச் சுற்றுகளில் உள்ளே வருவதற்கும் வெளியே நிற்பதற்கும் நடுவே இருப்பது இந்த அளவு புள்ளிதான்.

ஐ.இ.எல்.டி.எஸ். பொதுப் பயிற்சித் தேர்வில் 9ஆம் நிலை என்றால் கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7. நம் பிள்ளைகள் கேட்டலில்தான் சறுக்குகிறார்கள். ஆங்கில வழியில் படித்தேன் என்ற தைரியத்தில் தயாரிப்பு இல்லாமல் போகாதீர்கள். அந்த மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும் என்பதையும் பாருங்கள். முதுநிலை சேரும்போது எழுதினால், முடிக்கும்போது காலாவதி. கடைசிப் பருவத்தில் எழுதுங்கள். நம் பட்டம் கனடாவில் எதற்குச் சமம் என்று சொல்லும் பட்ட மதிப்பீட்டு அறிக்கைக்கு ஆயுள் 5 ஆண்டு. புதிய பட்டத்துக்குப் புதிதாக மதிப்பீடு செய்ய வேண்டும். மதிப்பீடு செய்பவர்கள் அதை முதுநிலை என்று ஏற்றால்தான் மேலே போட்ட கணக்கு நிற்கும்.

வயது 24, 25 என்றால் யோசிக்கவே வேண்டாம். 29 முடியும்வரை வயதுப் புள்ளி குறையாது, படிப்பது முழு லாபம். செவிலியர் பட்டம் முடித்தவர்களுக்கு மட்டும் வேறு யோசனை சொல்வேன். 2023 முதல் துறைவாரியாகவும் அழைக்கிறார்கள், அதில் மருத்துவத் துறையும் உண்டு; அங்கே இன்னொரு பட்டத்தைவிட பணி அனுபவத்துக்கு மதிப்பு அதிகம். ஹைகிரவுண்டு மருத்துவமனைப் பக்கம் வேலை கிடைத்தால் முதலில் அதை எடுங்கள்.

வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போனால் அனுபவம் வீணாகுமா என்றும் கேட்கிறார்கள். எக்ஸ்பிரஸ் என்ட்ரியின் அயல்நாட்டுத் திறன்மிகு பணியாளர் பிரிவில் கேட்பது, கடந்த 10 ஆண்டுக்குள் தொடர்ச்சியாக ஓர் ஆண்டு, அதாவது 1,560 மணி நேரம், சம்பளத்துக்குச் செய்த தகுதியான வேலை. அது எங்கும் ஓடிவிடாது. படித்துக்கொண்டே பகுதி நேரமாகச் செய்த வேலையும், சம்பளமும் தொடர்ச்சியும் இருந்தால், இந்தப் பிரிவில் கணக்கில் வரும். கனடாவுக்குள்ளே முழுநேர மாணவராக இருந்தபோது செய்த வேலைதான் அவர்களுடைய கனடிய அனுபவப் பிரிவில் சேராது.

இங்கேயே சேர்வது

திருநெல்வேலிச் சீமையில் இடத்துக்குப் பஞ்சம் இல்லை. அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக வளாகத் துறைகள்; பாளையங்கோட்டையில் சவேரியார், ஜான்ஸ், சாராள் தக்கர், சதக்கத்துல்லா அப்பா; பேட்டையில் ம.தி.தா. இந்துக் கல்லூரி. எதில் சேர்ந்தாலும், நடுவில் எழுந்து போக நேரலாம் என்ற கணக்கோடு சேருங்கள்.

போக நேர்ந்தால் கட்டணம் என்னாகும்? பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் ஒரு அறிவிக்கை வெளியிட்டது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் அல்லது அதற்கும் முன்பே விலகினால், சிறு செயலாக்கக் கட்டணம் போக முழுப் பணம். கடைசித் தேதிக்கு முந்திய 15 நாளுக்குள் என்றால் 90 விழுக்காடு. தேதி கடந்து 15 நாள்வரை 80, அதற்கு மேல் 30 நாள்வரை 50. அதற்குப் பிறகு கட்டணத்தில் ஒன்றும் கிடையாது, காப்புத்தொகை மட்டும் திரும்பும். இந்தத் தேதிகளை நாட்காட்டியில் சுற்றி வையுங்கள். கோப்பு முடியும் தறுவாயில் இருப்பவர்களுக்கு இது உண்மையான பணம்.

அதே அறிவிக்கை, மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொல்கிறது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். ஆனாலும் 'இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருக்கட்டும் தம்பி' என்று அன்பாகச் சொல்கிறவர்கள் உண்டு. அந்த அன்பு உங்களுக்கு வேண்டாம். மாற்றுச் சான்றிதழைத் தவிர எதையும் மூலமாகக் கொடுத்து வைக்காதீர்கள். அதையும் கொடுக்குமுன் வண்ணத்தில் வருடி வையுங்கள்.

வருகைப்பதிவு 75 விழுக்காடு. பி.ஆர். கோப்புக்கான பயோமெட்ரிக் (கைரேகை, புகைப்பட) பதிவுக்கும், கனடா குடியேற்றத் துறையின் பட்டியலில் உள்ள மருத்துவரிடம் பரிசோதனைக்கும் சென்னைக்குப் போய்வர நேரும். இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி, பகலில் வேலையை முடித்து, மறு இரவே திரும்பினால் ஒரு நாள் வகுப்போடு போகும். மாதிரித் தேர்வு வாரத்தில் தேதி வாங்காதீர்கள்.

இன்னொன்று, இதை நான் அலுவலகத்தில் இருந்தபோதே தொண்டை வறளச் சொன்னேன். பட்ட மதிப்பீட்டுக்கு வேண்டிய டிரான்ஸ்கிரிப்டை (எல்லாப் பருவ மதிப்பெண்களின் அதிகாரப்பூர்வத் தொகுப்பு) பல்கலைக்கழகம் உறையிலிட்டு, முத்திரை குத்தி, நேராக அனுப்ப வேண்டும். அதை இங்கே இருக்கும்போதே விண்ணப்பித்து முடியுங்கள். டொரன்டோவில் இருந்துகொண்டு அபிஷேகப்பட்டிக்குத் தொலைபேசியில் பேசி முடித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கடைசியில் அப்பாதான் கையில் அங்கீகாரக் கடிதத்தோடு பஸ் ஏறுவார். 1990க்கு முன் இந்தப் பக்கத்துக் கல்லூரிகளுக்குப் பட்டம் தந்தது மதுரை காமராஜர் பல்கலைக்கழகம். குடும்பத்தில் மூத்தவர்கள் யாருக்காவது மதிப்பீடு வேண்டுமென்றால் அபிஷேகப்பட்டிக்கு அலையாமல் மதுரைக்குப் போகவும்.

பெயரும் காலவரிசையும்

நம் ஊர்ப் பெயர்களைப் போல வெளிநாட்டுப் படிவங்களைத் திணறடிப்பவை குறைவு. மதிப்பெண் பட்டியலில் பெயருக்குப் பின்னால் அப்பாவின் முதலெழுத்து. பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயர் என்ற கட்டத்தில். வங்கிக் கணக்கில் முதலெழுத்து முன்னால். பெண்களுக்குத் திருமணத்துக்குப் பின் கணவர் பெயர் வந்து சேர்ந்தால் நான்காவது வடிவம். நான்கும் ஒரே பெண்தான் என்பது நமக்குத் தெரியும். ஒட்டாவாவில் கோப்பைத் திறப்பவருக்குத் தெரியாது.

செய்ய வேண்டியது இதுதான். பாஸ்போர்ட்டில் உள்ள வடிவமே தலைமை. பல்கலைக்கழக விண்ணப்பம், ஐ.இ.எல்.டி.எஸ்., மதிப்பீடு, பி.ஆர். கோப்பு எல்லாவற்றிலும் அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், கனடிய படிவங்களில் முழுப் பெயரையும் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதி, மற்றொரு கட்டத்தைக் காலியாக விட வேண்டும். அமெரிக்காவில் வேறு வழக்கம், அதை இங்கே கொண்டு வராதீர்கள். பழைய சான்றிதழில் உள்ள வடிவங்களுக்கு, எல்லாம் ஒரே நபரைக் குறிப்பவை என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எடுத்து, எல்லா வடிவத்தையும் அதில் பட்டியலிட்டு, இரண்டு கோப்பிலும் வையுங்கள். புதிதாக முதுநிலையில் சேரும்போது கல்லூரி அலுவலகம் பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பார்த்துத்தான் பெயரைப் பதிவு செய்யும். பாஸ்போர்ட்டைப் போல எழுதுங்கள் என்று மன்றாடிப் பயன் இல்லை. பத்திரம்தான் வழி.

அடுத்தது காலவரிசை. எக்ஸ்பிரஸ் என்ட்ரி விண்ணப்பத்தில் கடந்த 10 ஆண்டு, அல்லது 18 வயது முதல், என்ன செய்தீர்கள் என்று மாத இடைவெளி இல்லாமல் எழுத வேண்டும். அரியர் எழுதிக்கொண்டு வீட்டில் இருந்த காலம், டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்த காலம், அண்ணன் கடையில் உட்கார்ந்திருந்த காலம் எல்லாம் அதில் வர வேண்டும். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், வேலையில்லாமல் இருந்தேன் என்று எழுதினால் யாரும் அபராதம் போடப் போவதில்லை. மறைத்தால்தான் வில்லங்கம். தவறான தகவல் தந்தார் என்று முடிவாகிவிட்டால் கனடா குடியேற்றச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி 5 ஆண்டு உள்ளே நுழையவே முடியாது.

கோப்பு கொடுத்த பிறகு கல்லூரியில் சேர்ந்தால் அதையும் குடியேற்றத் துறையின் இணையப் படிவம் வழியே தெரிவியுங்கள். முகவரி மாறினால் கட்டாயம். விடுதிக்குப் போகிறவர்கள் பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் காவல்துறைச் சான்று வாங்கும்போது எந்த முகவரியைத் தருகிறோம் என்று யோசித்துத் தர வேண்டும். காவலர் வீட்டுக்கு வரும்போது நீங்கள் கோயம்புத்தூரில் இருந்தால் அறிக்கை எப்படி வரும்? திருமணமும் அப்படித்தான். ஆவணியில் முகூர்த்தம் பார்த்துத் தாலி கட்டிவிட்டு, கோப்பு தாமதமாகிவிடும் என்று சொல்லாமல் விமானம் ஏறினால், பிறகு அந்தப் பெண்ணைக் குடும்பப் பிரிவில் அழைத்துக்கொள்வதற்கே விதி குறுக்கே நிற்கும்.

முகவர் வைத்திருந்தால் கணக்கின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் உங்களுடையதாக இருக்கட்டும். கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்ல அனுமதி உள்ளவர்கள் கனடிய வழக்கறிஞர்களும், கியூபெக் நோட்டரிகளும், அங்குள்ள ஆலோசகர் ஒழுங்குமுறை அமைப்பில் உரிமம் பெற்றவர்களும்தான். உரிம எண்ணைக் கேளுங்கள். எண் சொல்லத் தயங்கினால் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வாருங்கள்.

அங்கேயே மாணவராகப் போவது

பி.ஆர். நிலுவையில் இருக்கும்போது ஸ்டடி பெர்மிட் (கனடாவில் படிக்கும் அனுமதி) கேட்கலாம். கனடா குடியேற்றச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, 2ஆம் உட்பிரிவு இதற்கு இடம் தருகிறது: நிரந்தரமாகத் தங்க எண்ணம் இருப்பதாலேயே தற்காலிகமாக வருவது தடைப்படாது, ஆனால் அனுமதித்த காலம் முடிந்தால் வெளியேறுவார் என்று அதிகாரிக்குத் திருப்தி வர வேண்டும். ஆகவே பி.ஆர். கோப்பை மறைக்காதீர்கள். முன்பு விண்ணப்பித்தது உண்டா என்ற கேள்விக்கு உண்டு என்று எழுதி, விளக்கக் கடிதத்தில் கோப்பு எண்ணைக் கொடுத்து, பி.ஆர். மறுக்கப்பட்டால் படிப்பை முடித்துத் திரும்பி வருவேன், இங்கே இன்ன வேலை, இன்ன குடும்பப் பொறுப்பு இருக்கிறது என்று நேராக எழுதுங்கள். வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்தவர் ஓராண்டு வணிக டிப்ளமாவுக்கு விண்ணப்பித்தால் எந்தக் கடிதமும் காப்பாற்றாது. பெர்மிட் மறுக்கப்படுவதால் மட்டும் பி.ஆர். கோப்பு விழாது, ஆனால் அந்த மறுப்பை அடுத்த எல்லாப் படிவத்திலும் சொல்லியாக வேண்டும்.

பணம்தான் இதில் பெரிய தலைவலி. 2025 செப்டம்பர் 1 முதல், தனி ஒருவர் முதலாண்டுக் கட்டணமும் பயணச் செலவும் போக வாழ்க்கைச் செலவுக்கு 22,895 கனடிய டாலர் காட்ட வேண்டும். அயல்நாட்டுத் திறன்மிகு பணியாளர் பிரிவில் பி.ஆருக்குத் தனியாகக் குடியேறும் பணம் காட்ட வேண்டும். 2025 ஜூலையில் வந்த அளவுப்படி ஒருவருக்கு 15,263. இது விண்ணப்பிக்கும் நாளில் மட்டும் இருந்தால் போதாது, விசா தரும் நாளிலும் இருக்க வேண்டும், கடன் வாங்கியதாகவும் இருக்கக் கூடாது. ஒரே கணக்கிலிருந்து கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிவிட்டு பி.ஆர். கோப்பைக் காற்றில் விடுகிறவர்கள் உண்டு. கல்விக் கடன் ஸ்டடி பெர்மிட்டுக்கு ஆதாரமாகும், குடியேறும் பணத்துக்கு ஆகாது. கட்டணத்துக்கு ஒரு கணக்கு, குடியேறும் பணத்துக்கு ஒரு கணக்கு என்று பிரியுங்கள். தாத்தா கொடுத்த மனையை விற்ற பணம் என்றால் பத்திரத்தின் நகலையும், அப்பா தந்தது என்றால் தானக் கடிதத்தையும் அன்றே எடுத்து வையுங்கள். வங்கிக் கடிதத்தில் ஆறு மாதச் சராசரி இருப்பும் கேட்பார்கள்; கடைசி வாரத்தில் நகையை அடகு வைத்து நிரப்பிய கணக்கு அதில் பல் இளிக்கும்.

2024 ஜனவரி 22 முதல் பெரும்பாலான மாணவர்களுக்கு மாகாணத்தின் ஒப்புதல் கடிதமும் வேண்டும். அரசுப் பல்கலைக்கழகங்களில் முதுநிலை, முனைவர் படிப்புக்கு 2026 ஜனவரி 1 முதல் அது தேவையில்லை. மாகாண நியமனம் (ஒரு மாகாணமே தேர்ந்தெடுத்துப் பரிந்துரைக்கும் வழி) வழியாக பி.ஆர். போட்டிருப்பவர்கள் வேறு மாகாணத்துப் பல்கலைக்கழகத்தில் சேராதீர்கள். அந்த மாகாணத்தில் வாழப் போகிறேன் என்று கையெழுத்திட்டது நீங்கள்தானே.

பயனுண்டா என்று கேட்டால், என் கருத்து கறாரானது. 2024-25 கல்வியாண்டில் கனடாவில் இளநிலை மாணவர் கட்டிய சராசரி ஆண்டுக் கட்டணம், உள்நாட்டவருக்கு 7,360 டாலர், அயல்நாட்டவருக்கு 40,114. பி.ஆர். இன்னும் ஓராண்டில் வந்துவிடும் என்று நியாயமாக நம்பக்கூடியவர், அந்த ஓராண்டைப் பிடிக்க இத்தனை பணத்தைக் கொட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. தம்பி மகளிடம் அதைத்தான் சொன்னேன். இங்கே முதுநிலை சேர். கணவனைப் பார்க்கப் பார்வையாளர் விசா கிடைத்தால், விடுமுறையில் போய் இரு. 6 மாதமோ அதற்குக் குறைவாகவோ உள்ள படிப்பை, அனுமதித்த தங்கும் காலத்துக்குள் முடிப்பதானால், ஸ்டடி பெர்மிட் இல்லாமலே படிக்கலாம். அங்குள்ள பல்கலைக்கழகம் இடம் கொடுத்துவிட்டதா? சேர்க்கையை அடுத்த பருவத்துக்குத் தள்ளித் தரும்படி எழுதிக் கேள். கேட்க ஒரு மின்னஞ்சல்தான் செலவு.

ஏற்கெனவே அங்கே படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. பி.ஆர். விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது என்பது உங்களுக்கு அங்கே தங்கும் உரிமை எதையும் தராது. ஸ்டடி பெர்மிட் முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்தால், முடிவு வரும்வரை அதே நிபந்தனைகளோடு படிப்பைத் தொடரலாம். தேதி தாண்டிவிட்டால் 90 நாளுக்குள் நிலையை மீட்க விண்ணப்பிக்க வேண்டும், அதுவரை வகுப்புக்குப் போக முடியாது. இடைக்கால வேலை அனுமதி வாங்கியிருப்பவர்களும், அது வேலைக்கானது, நீண்ட படிப்புக்குத் தனி அனுமதி வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

நடுவில் பி.ஆர். வந்துவிட்டால்

மூன்றாம் பருவத்தில் உட்கார்ந்திருக்கும்போது, பி.ஆர். கிடைத்தது என்று கனடா தரும் உறுதிப்பத்திரம் வந்து நிற்கும். வீட்டில் கேசரி கிண்டுவார்கள், பிள்ளை மட்டும் திருதிருவென்று விழிக்கும். பட்டமா, பயணமா?

பெரும்பாலும் இரண்டும் நடக்கும், தேதிகளைப் பார்த்தால். உறுதிப்பத்திரத்தில் ஒரு காலாவதி நாள் இருக்கும். மருத்துவப் பரிசோதனை 12 மாதம் செல்லும். அதுவோ பாஸ்போர்ட்டோ எது முதலில் முடிகிறதோ அதை ஒட்டித்தான் அந்த நாள் அமையும். நீட்டித்துத் தர மாட்டார்கள். ஆகவே பாஸ்போர்ட் ஆயுளை முன்கூட்டியே பாருங்கள், மருத்துவப் பரிசோதனையை அவசரப்பட்டு வெகு சீக்கிரம் முடித்துவிடாதீர்கள்.

காலாவதி நாள் கடைசிப் பருவத் தேர்வுக்குப் பிறகு என்றால் தேர்வை எழுதிவிட்டுப் போங்கள். அதற்கு முன்னால் விழுந்தால், பருவ விடுமுறையில் ஒரு தடவை போய் இறங்கி, நிரந்தரக் குடியிருப்பாளர் என்று பதிவாகிவிட்டுத் திரும்பி வந்து படிப்பை முடிக்கலாம். ஒவ்வொரு 5 ஆண்டிலும் 730 நாள் அங்கே இருந்தால் போதும் என்பது விதி. எஞ்சிய பருவங்களுக்கு அதில் தாராளமாக இடம் இருக்கிறது. டிக்கெட் செலவு இரட்டிப்பாகும், உண்மைதான். பட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு, அங்கே போய் அதே பாடத்தை முதலிலிருந்து படிப்பதைவிட அது மலிவு.

இப்படிப் போய்த் திரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது பி.ஆர். அட்டை. அது கனடாவுக்குள் ஒரு முகவரிக்குத்தான் வரும், திருநெல்வேலிக்கு அனுப்ப மாட்டார்கள். இறங்கும்போதே நம்பகமான உறவினர் முகவரி ஒன்றைக் கொடுங்கள். அப்போது இல்லையென்றால் 180 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், தவறினால் மீண்டும் கட்டணம் கட்டி விண்ணப்பிக்க நேரும். அட்டை கைக்கு வருவதற்குள் கல்லூரி திறந்துவிடும். மறுபடியும் விமானம் ஏற அட்டையோ, இங்கிருந்தே விண்ணப்பித்து வாங்கும் நிரந்தரக் குடியிருப்பாளர் பயண ஆவணமோ இல்லாமல் விமான நிறுவனம் ஏற்றாது. யாராவது சொந்தக்காரர் ஊருக்கு வரும்போது அட்டையைக் கொண்டுவந்தால் நல்லது. இல்லாவிட்டால் அந்த ஆவணத்துக்கு ஆகும் காலத்தையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். பட்டச் சான்றிதழுக்காகப் பட்டமளிப்பு விழாவரை காத்திருக்க முடியாதவர்கள் தற்காலிகச் சான்றிதழையும் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலையும் கையோடு வாங்கிக்கொண்டு, பட்டத்தைப் பெற்றோர் வாங்க அங்கீகாரக் கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போகலாம்.

அங்கே படித்துக்கொண்டிருக்கும்போதே பி.ஆர். வந்தால் அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. உறுதிப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், கட்டணப் பிரிவை உள்நாட்டவர் என்று மாற்றச் சொல்லுங்கள். ஒவ்வொரு பருவத்துக்கும் இதற்குக் கடைசித் தேதி வைத்திருப்பார்கள். அதற்குள் காட்டினால் அந்தப் பருவத்திலிருந்தே குறைந்த கட்டணம். தாண்டினால் அடுத்த பருவம்தான். முடிந்துபோன பருவங்களுக்குக் கட்டியதைத் திருப்பித் தர மாட்டார்கள். தானாக மாறிவிடும் என்று இருக்காதீர்கள். நீங்கள் காட்டாதவரை அந்த அலுவலகத்துக்கு நீங்கள் 40,000 டாலர் மாணவர்தான்.